நாலாம் மாடியிலிருந்து ஓர் இருவாச்சி

யாராவது உதவிக்கு வந்தால் நல்லமுத்துவின் வாயிலிருந்து முதலில் வருவது "வேணாம் லா" என்பதுதான். என்ன உதவி என்று கேட்டுவிட்டுக்கூடச் சொல்ல மாட்டார். பினாங்குத் தீவின் குறுகலான சாலைகளில் பாதி ஆயுசைப் பேருந்து ஓட்டியே கழித்தவர். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்டுகிறவர்களைக்கூட அவருக்குப் பிடிக்காது. கண்ணாடி எதற்கு இருக்கிறது என்று கேட்பார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் போன வருஷம் பக்கவாதம் தேடிப் பிடித்துத் தாக்கி, இடது கையையும் இடது காலையும் பிடுங்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு எல்லாமே அடுத்தவர் கையால் நடந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது மனைவி ருக்குமணி. மீனில் முள் எடுத்துக் கொடுப்பது ருக்குமணி. சர்க்கரை பார்க்க விரலில் ஊசி குத்துவதும் அவள்தான். ஜெலுத்தோங்கில் ஒரு பழைய பிளாட்டின் நாலாம் மாடியில் அவர்கள் வீடு. மருத்துவமனையிலிருந்து வந்தவர் அறைக்குள் போய்ப் படுத்தார், படுத்தவர் படுத்தவர்தான். வாசலுக்கு வெளியே நீளமாக ஓடும் நடைபாதையில், காற்று வரும் இடமாகப் பார்த்துச் சக்கர நாற்காலியைப் போட்டுவைத்து, ருக்குமணி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கோயிலில் அர்ச்சனை செய்தும் பார்த்தாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவருடைய பயம்.

கடைசியில் அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு பழைய கேமரா. அக்காள் மகன் ஹரீஷ் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, பழையதை அதன் முழங்கை நீள லென்ஸோடு மாமாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். "சும்மாதானே மாமா இருக்கீங்க, ஏதாச்சும் எடுங்க" என்றான். நல்ல பையன்தான், நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தச் 'சும்மா' நல்லமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை, ருக்குமணி எழுப்புவதற்கு முன்பே, "அந்த நாற்காலிய இங்க தள்ளு" என்றார்.

கேமராவை ஒரு கையால் பிடித்து அதே கையின் விரலால் பொத்தானை அழுத்திவிடலாம். லென்ஸின் கனத்தைத் தாங்கத்தான் இன்னொரு கை வேண்டும். நல்லமுத்து ஒரு தலையணை உறையில் பச்சைப்பயறைக் கொட்டிக் கட்டச் சொல்லி, அதை நடைபாதைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து, லென்ஸை அதில் கிடத்தினார். படம் மங்காமல் கூர்மை பார்க்கிற வேலையைக் கேமராவே செய்துகொண்டது. பொத்தானைப் பாதி அழுத்தினால் 'பிப்' என்று ஒரு சத்தம் வரும். பயணிகள் எல்லோரும் ஏறிவிட்டார்கள், போகலாம் என்று அடிக்கிற மணி மாதிரி அவருக்கு அது கேட்டது.

எதிரே, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு கிழட்டு ஆங்சானா மரம். ஏறக்குறைய அவர் உட்காரும் உயரத்திலேயே அதில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில்தான் இருவாச்சி ஜோடி ஒன்று குடிவந்தது. இங்கே எல்லோரும் எங்காங் என்று மலாய்ப் பெயரைச் சொல்வார்கள். கறுப்பு வெள்ளை உடம்பு, மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்த மாதிரி பெரிய மஞ்சள் அலகு. பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, மண்ணாலும் எச்சத்தாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டது. உள்ளேயே முட்டை, உள்ளேயே குஞ்சு. ஆண் பறவை நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டிக்கொண்டிருந்தது.

ருக்குமணி ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்று மரத்தையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

"அங்க ஆம்பள ஊட்டுறான், இங்க பொம்பள ஊட்டுறேன். ரெண்டு வீட்லயும் உள்ள இருக்கிறது வெளிய வர்ற மாதிரி தெரியல."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நல்லமுத்து சிரிக்கவில்லை. கிண்ணத்தை வாங்கிச் சுவர்மேல் வைத்துவிட்டு, "இது வெளிய வரும் பாரு. பூசின செவுத்த ஒடச்சிக்கிட்டு வர்ற அந்த நேரத்த நான் எடுப்பேன். நான் ஒருத்தனா எடுப்பேன். யாரும் கிட்ட வரக்கூடாது, ஆமா" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. நோய் வந்தபின் அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான். சட்டைப் பொத்தானை வேறு யாராவது போட்டுவிட்டுப் போகட்டும். இந்தப் பொத்தானை அவர்தான் அழுத்துவார்.

பறவைப் படக்காரர்களின் முகநூல் குழு ஒன்றில் சேர்ந்தார். தீவிலும் எதிர்க்கரையிலும் இருக்கிறவர்கள், பொழுதுபோக்குக்காகப் படம் எடுக்கிறவர்கள். அங்கே பேச்செல்லாம் மலாயில் நடக்கும், நடுநடுவே ஆங்கிலம். நல்லமுத்துவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் எளிது: அங்கே யாருக்கும் அவருடைய இடது கையைப் பற்றித் தெரியாது. அவர் ஆங்சானா மரத்து எங்காங்கைத் தினமும் படம் பிடித்துப் போடுகிற நல்லமுத்து, அவ்வளவுதான். எதிர்க்கரைத் தாசேக் கெலுகோரிலிருந்து ஒருவர் தீவுக்குள் மீன்கொத்தி எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது, எந்தச் சந்தில் திரும்பி எந்தக் கால்வாய்ப் பாலத்தில் நிற்க வேண்டும் என்று இவர்தான் வழி சொன்னார். அந்த ஆளும் போய் எடுத்துவந்து நன்றி சொன்னார். யாருக்கோ தன்னால் ஆனதே என்று நல்லமுத்து அன்றைக்கு ஒரு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டார்.

பிறகுதான் கேமரா படுத்த ஆரம்பித்தது.

முதலில் எப்போதாவது ஒருமுறை. பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டுப் 'பிப்' சொல்லாமல் நின்றுவிடும். பிறகு அடிக்கடி. பிறகு திரையில் ஒரு வரி மினுங்கியது: லென்ஸ் இணைப்பைச் சரிபார்க்கவும். படங்கள் எல்லாம் வெள்ளெழுத்துக்காரன் பார்த்த செய்தித்தாள் மாதிரி கலங்கி வந்தன. ஹரீஷைக் கூப்பிட்டால், "கடையில குடுத்துருங்க மாமா" என்றான். கடைக்குப் போன் போட்டால், பார்த்துக் கொடுக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். சில வாரத்தில் குஞ்சு பறந்து போய் அதற்கே கல்யாணம் ஆகிவிடும். குழுவில் காமாரியா என்ற அம்மாள், பல வருஷமாக எங்காங் கூடுகளைப் பார்த்துவருகிறவர், ஏற்கெனவே எச்சரித்திருந்தார்: ஆண் பறவை பழத்தைக் கொடுக்காமல் தூரத்துக் கிளையில் உட்கார்ந்து காட்டிக் காட்டிக் கூப்பிட ஆரம்பித்தால், வெளியே வரும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று காலை ஆண் பறவை அதைத்தான் செய்தது.

நல்லமுத்து போனை எடுத்தார். ஒற்றைக் கட்டைவிரலால் தட்டினார். 'என் கேமரா கூர்மை பிடிக்க மாட்டேன் என்கிறது. யாராவது உதவ முடியுமா?' நோய் வந்த நாளிலிருந்து உதவி என்று அவராக யாரிடமும் கேட்டதில்லை. இங்கே கேட்பது கஷ்டமாக இல்லை. இன்றைக்கு எனக்கு நீ, நாளைக்கு உனக்கு நான் என்று கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடத்தில் என்ன வெட்கம்?

பதில்கள் மழையாகக் கொட்டின. முதலில் வந்தவர் ஸுல்கிஃப்லி. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர். எழுதுவதும் ஸ்பானர் பிடித்த மாதிரிதான் இருக்கும்.

'கீழே விழுந்ததா? மழையில் நனைந்ததா? பேட்டரியை மாற்றிப் பார்த்தீரா?'

விழவில்லை, நனையவில்லை, மாற்றிப் பார்த்தாயிற்று என்று நல்லமுத்து ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார். ஒருவர் எல்லா அமைப்பையும் அழித்துப் பழையபடி வைக்கச் சொன்னார். அழித்தார். தேதி மட்டும் மாறியது. இன்னொருவர், அவசரத்துக்குக் கையாலேயே கூர்மை பார்க்கலாமே என்றார். காமாரியாவும் அதையே பதமாகச் சொன்னார்: 'சுலபம்தான் அண்ணே. வலது கையால் கேமராவைப் பிடியுங்கள். இடது முழங்கையை நெஞ்சோடு ஒட்டி வைத்து, இடது கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டே வளையத்தை மெல்லத் திருப்புங்கள்.'

நல்லமுத்து அதைப் படித்துவிட்டு மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். அது பாட்டுக்குக் கிடந்தது. எனக்கு ஒரு கைதான் என்று எழுத எத்தனை நேரமாகும்? எழுதவில்லை. எழுதினால் அடுத்த நிமிஷமே எல்லோரும் 'ஐயோ பாவம்' என்பார்கள். அப்புறம் அவர் போடுகிற மங்கல் படத்தைக்கூட அருமை என்பார்கள். அது அவருக்கு வேண்டாம்.

அதற்காக விட்டுவிடுகிற ஆளா? வலது கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தாடையால் லென்ஸ் வளையத்தைத் திருப்பினார். வளையம் திரும்பியது, ஆனால் தாடை லென்ஸில் இருந்தால் கண் எப்படிக் கேமராவில் இருக்கும்? நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து திருப்பி, மறுபடி நிமிர்ந்து பார்த்து, ஒரு காலைப்பொழுது முழுக்கத் தலையாட்டி பொம்மையாய் ஆடினார். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு நவமணி துணி காயப்போட வந்தவள், "அண்ணே, கேமராவ கடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "ருசி பாக்குறேன்" என்றார் நல்லமுத்து.

'செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை' என்று குழுவில் எழுதினார்.

ஸுல்கிஃப்லி விடவில்லை. 'லென்ஸைக் கழற்றும். பின்பக்கம் வளையத்துக்குள் தங்கநிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். அதைப் போனில் படம் எடுத்துப் போடும்.'

கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றுவதும் மாட்டுவதும் ருக்குமணியின் வேலை. ஹரீஷ் அவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் வேலைக்கு, தொழிற்சாலைக்குப் போயிருந்தாள். நல்லமுத்து கேமராவைத் தொடைக்கு நடுவில் இடுக்கினார். வலது தொடை அழுத்தியது, இடது தொடை வழிவிட்டது. சக்கர நாற்காலியின் கைப்பக்கத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் திணித்தார். கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக்கொண்டே மற்ற விரல்களால் லென்ஸைத் திருகினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் 'க்ளிக்' என்று அது கழன்றபோது, கொம்தார் கோபுரத்தையே கழற்றிக் கீழே வைத்த களைப்பு அவருக்கு.

படம் எடுத்துப் போட்டார். பெரிதாக்கிப் பார்த்தவருக்கே ஆச்சரியம். தங்கப் புள்ளிகள் பாதிக்குமேல் தெரியவில்லை. மேலே மஞ்சள் பழுப்பாக ஏதோ காய்ந்து ஓடு கட்டியிருந்தது. வளையத்தின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி.

'என்ன இது, கறியா?' என்று ஸுல்கிஃப்லி கேட்டார். 'நாசி கண்டார் சோற்றுக்கடையிலா லென்ஸை வைத்திருக்கிறீர்?' இருபது பேர் சிரித்தார்கள். ஒருவர் பூஞ்சை என்றார். ஒருவர் துரு என்றார். தங்கத்தில் ஏது துரு என்று இன்னொருவர் அவரோடு சண்டைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கேமராவை மறந்து அவர்கள் இருவரும் தனியாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நல்லமுத்துவுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. குரல் செய்தி, தமிழில். அனுப்பியவர் ஷஃபீக். ஜார்ஜ் டவுனில் குடும்பமாகத் துணிக்கடை நடத்துகிற தமிழ் முஸ்லிம். குழுவில் கழுகுப் படம் போடுகிறவர். இருவரும் நேரில் பார்த்ததில்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் இருக்கிற எடத்துல கேக்க வேணாம்னுதான் தனியா கேக்குறேன். அது சந்தனமாண்ணே? எங்க கடைக்கு அடுத்த கடையில ஆயுத பூசைக்கு கல்லாவுல, தராசுல எல்லாம் பொட்டு வைப்பாங்க. காஞ்சுச்சுன்னா அச்சா இப்படித்தான் இருக்கும். சுத்தி இருக்கிறது துன்னூறு மாதிரி இருக்கு."

நல்லமுத்து செய்தியை மறுபடி போட்டுக் கேட்டார். பிறகு நாற்காலியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, கோணல்மாணலாகச் சுவரில் இடித்து இடித்து, கூடத்துச் சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

விஷயம் இதுதான். பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், விளக்கு எரிகிற அலமாரியில் வைத்தால் உலர்ந்தே இருக்கும் என்று காமாரியா ஒருமுறை குழுவில் எழுதியதை நல்லமுத்துதான் ருக்குமணிக்குப் படித்துக் காட்டினார். அந்த வீட்டில் இரவும் பகலும் விளக்கு எரிகிற அலமாரி ஒன்றே ஒன்றுதான். முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கீழ்த்தட்டில், சிவப்பு பல்பின் பக்கத்தில் கேமராவுக்கு இடம் கிடைத்தது. தட்டு உயரம் பற்றாது என்று லென்ஸைக் கழற்றித் தனியாக வைத்தாள். சூடு உள்ளே போகட்டும் என்று மூடியையும் திறந்து வைத்தாள். இதுவரைக்கும் அவருக்குத் தெரியும். மாலையில் அவர் அறைக்குள் படுத்திருக்கும்போது அந்தத் தட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

ருக்குமணி வேலையிலிருந்து வந்ததும் கேட்டார். "லென்ஸுக்கு பொட்டு வச்சியா?"

அவள் பையை இறக்கி வைத்தாள். "வெள்ளிக்கிழமை வைப்பேன். சாமிக்கு வைக்கிறப்ப அதுக்கும்."

"எங்க வச்ச?"

"கண்ணாடியில வச்சா படம் கெட்டுப்போயிரும்னு எனக்கு தெரியாதா? பின்னால, உள்பக்கமா, அந்த வளையத்துலதான் வச்சேன். யாருக்கும் தெரியாது." கொஞ்சம் தயங்கினாள். "இப்ப படுத்துது படுத்துதுன்னு சொன்னீங்களா, அதான் செவ்வாக்கிழமையும் சேத்து வைக்கிறேன். கொஞ்சம் துன்னூறும் ஊதி விட்டேன்."

நல்லமுத்துவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அறிவிருக்கா உனக்கு? அது என்ன அம்மியா, ஆட்டுக்கல்லா? நான் இங்க கழுத்து ஒடியிற மாதிரி தாடையால திருப்பிக்கிட்டு கெடக்குறேன், ஊரெல்லாம் கேட்டு கேட்டு அலையிறேன், நீ பின்னாலயே உக்காந்து அத கொன்னுக்கிட்டு இருந்திருக்க! நாளைக்கோ நாளான்னைக்கோ அது வெளிய வரப்போவுது ருக்குமணி! என்னால இந்த ஒண்ணுதான் ஆகும், அதுலயும் கைய வைக்கணுமா?"

பிளாட்டில் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். ருக்குமணி பதிலுக்குக் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார்; அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் சாமி மேடையைப் பார்த்தபடி நின்றாள்.

"நீங்க அந்த கட்டில்ல செவுத்த பாத்து படுத்து கெடந்தீங்க. நான் பேக்டரியில உக்காந்து, வீட்ல போயி பாக்கிறப்ப இருப்பீங்களா மாட்டீங்களான்னு நெனச்சுக்கிட்டே வேலை செஞ்சேன். யாருகிட்ட சொன்னேன் அத? டாக்டரு சொல்லி வரல, நான் அழுது வரல. இந்த சாமான் வந்துதான் உங்கள எழுப்பி வெளிய உக்கார வச்சுச்சு. இதுக்கு பொட்டு வைக்காம நான் வேற எதுக்கு வைப்பேன்?"

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்து விட்டாள். நல்லமுத்துவுக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் வழி தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டும் பழக்கமில்லை.

ஷஃபீக்கிடம் ஆமாம் என்று சொன்னார். "நான் வந்து கிளீன் பண்ணித் தரட்டுமாண்ணே? ஜெலுத்தோங் பக்கம்தானே" என்று அந்த மனிதர் கேட்டார். வந்தால் நாற்காலியைப் பார்ப்பார். "வேணாம் லா தம்பி, எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றார் நல்லமுத்து. ஷஃபீக் பொறுமையாகச் சொன்னார்: முதலில் காற்றடித்துப் பொடியைப் போக்க வேண்டும், வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். பிறகு ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சால் தங்கப் புள்ளிகளை மட்டும் ஒத்தி எடுக்க வேண்டும். கண்ணாடியைத் தொடவே கூடாது. கேமராவின் உள்ளே எதையும் நுழைக்கக் கூடாது.

ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? சர்க்கரைக்காரன் வீட்டில் அதற்கா பஞ்சம்! விரலில் ஊசி குத்துமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு, சின்னச் சின்ன உறையாக டப்பா நிறைய இருந்தது. மறுநாள் காலை நல்லமுத்து வேலையில் இறங்கினார். முதல் உறையைப் பல்லால் கிழித்தார். லென்ஸை மடியில் வைத்தால் இடது பக்கம் உருண்டது. ஒருமுறை விழப் போனதை வயிற்றைக் கொடுத்து நிறுத்தினார். ருக்குமணி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள், வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் காலி மைலோ டின் ஒன்று இருந்தது. அதற்குள் துண்டைச் சுருட்டித் திணித்து, லென்ஸைத் தலைகீழாக நட்டார். ஆடாமல் அசையாமல் நின்றது. காது சுத்தம் செய்கிற ரப்பர் பந்தால் காற்றடித்தார். சந்தனம் ஊறி ஊறி, மஞ்சளாகப் பஞ்சில் ஏறி, ஒவ்வொரு புள்ளியாகத் தங்கம் வெளியே வந்தது.

லென்ஸை மாட்டினார். நடைபாதைக்கு வந்து பயறுப்பையில் வைத்து, மரத்தைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்தினார்.

பிப்.

பொந்தின் கீறலில் இருந்த மண் வெடிப்புகூடத் தெரிந்தது. நல்லமுத்து சத்தம் போட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ருக்குமணி கேட்டு எவ்வளவோ காலம். அவள் வெளியே வந்து, "அப்ப இனிமே அத எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். குரலில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது.

"அங்கயே வையி. மூடிய போட்டு வையி." யோசித்துவிட்டு, "பொட்ட கேமரா பைக்கு வையி. அதுக்கும் வேணும்தானே" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுதான் மன்னிப்பு. அவளுக்கும் அது புரிந்தது.

ஸுல்கிஃப்லி என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், குழுவில் உள்ளதைச் சொன்னார்: சந்தனம், என் மனைவி வைத்த பொட்டு. கேலி செய்வார்கள் என்று காத்திருந்தார். காமாரியா, 'விளக்கு யோசனை என்னுடையது, மன்னிக்க வேண்டும்' என்று எழுதினார். ஸுல்கிஃப்லி, 'சரி, படம் எங்கே?' என்றார்.

படம் அடுத்த நாள் வந்தது. ருக்குமணிக்கு அந்த வாரம் மத்தியான ஷிப்ட். சீருடை போட்டு, சோற்றைக் கட்டிக்கொண்டு, தொழிற்சாலைப் பேருந்துக்காகக் கிளம்பி வாசலுக்கு வந்தவளை நல்லமுத்து கை காட்டி நிறுத்தினார். பொந்தின் வாசலிலிருந்து மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து அலகு கொத்தியது. இன்னொரு கட்டி. ஆண் பறவை மேல்கிளையில் சிவப்பாக ஒரு பழத்தை வைத்துக்கொண்டு கூவியது. பிப், பிப் என்று கேமரா ஒழுங்காக வேலை செய்தது. முதலில் தாய், கலைந்த இறகும் வளைந்த வாலுமாக நெருக்கியடித்து வெளியே வந்து பறந்தது. நல்லமுத்து எடுத்துவிட்டார், ஒற்றைக் கையால், தன்னந்தனியாக. அடுத்து குஞ்சின் தலை. பொந்தின் விளிம்பில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்து மிரண்டது. பிறகு எம்பி, தத்துப்பித்தென்று இறக்கையடித்து, அப்பன் இருந்த மேல்கிளைக்குப் போய்விட்டது.

பயறுப்பை அந்த உயரத்துக்கு எட்டாது. நல்லமுத்து கேமராவை வலது கையால் தூக்கினார். லென்ஸின் தலை தாழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். மணிக்கட்டு நடுங்கியது, கிளை ஆடியது, குஞ்சு சட்டத்துக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. கேமரா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடியது. "நில்லு, நில்லு" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. கீழே தொழிற்சாலைப் பேருந்து வந்து ஹாரன் அடித்தது.

அப்போது லென்ஸின் கனம் இல்லாமல் போனது. அடியில் ருக்குமணியின் உள்ளங்கை இருந்தது. அவள் சுவரோரம் குனிந்து, முழங்கையைச் சுவரில் ஊன்றி, தாங்கிக்கொண்டு நின்றாள். வேணாம் லா என்று சொல்ல அவர் வாய் திறந்தது. கேமராவில் பார்த்த கண் பார்த்தபடி இருந்தது.

"மேல" என்றார். "இன்னும் கொஞ்சம் மேல. அந்தப் பக்கம். ஆங், அசையாத."

பிப்.

ஆண் பறவை பழத்தை நீட்டியது. குஞ்சு வெயிலில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டது. கீழே பேருந்து இன்னொரு தடவை ஹாரன் அடித்தது, கொஞ்சம் பொறுத்தது, போய்விட்டது. எவ்வளவு நேரம் பொறுக்கும் என்று நல்லமுத்துவுக்குத் தெரியும். ருக்குமணிக்கும் கேட்டிருக்கும். கை அசையவில்லை.

படத்தை அங்கேயே போனுக்கு மாற்றிக் குழுவில் போட்டார். பழத்தின் தோலில் வெயில் மின்னுவதுகூடத் தெரிந்தது. காமாரியா வெறும் கண்ணீர் முகமாகப் போட்டார். ஷஃபீக், 'அல்ஹம்துலில்லாஹ், அண்ணே' என்றார். ஸுல்கிஃப்லி வழக்கம்போல நேராக விஷயத்துக்கு வந்தார். 'நல்ல கூர்மை. ஆனால் அந்த உயரத்துக்கு நீர் முன்பு சொன்ன பயறுப்பை எட்டாதே. என்ன ஸ்டாண்டு வைத்திருக்கிறீர்?'

நல்லமுத்து 'பழைய இரும்பு ஸ்டாண்டு' என்று தட்டினார். பக்கத்தில் ருக்குமணி தரையில் உட்கார்ந்து, வலித்த மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே, போனில் சூப்பர்வைசரிடம் வரமுடியாததற்கு ஏதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லமுத்து தட்டியதை எழுத்தெழுத்தாக அழித்தார். பிறகு எழுதினார்.

'ஸ்டாண்டு இல்லை. எனக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் வராது. லென்ஸைத் தாங்கியது என் மனைவி ருக்குமணியின் கை.'

அனுப்பினார். யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப் போனைத் திருப்பவில்லை. பார்க்க நேரமும் இல்லை. எதிரே பொந்தின் இருட்டுக்குள் இன்னொரு அலகு அசைந்தது. இரண்டாவது குஞ்சு விளிம்புக்கு வந்து மேல்கிளையை அண்ணாந்து பார்த்தது.

நல்லமுத்து கேமராவைத் தூக்கினார்.

"ருக்குமணி, கைய குடு."